மெர்ஜ், ஸ்குவாஷ், ரீபேஸ்: உங்கள் திட்டத்துக்கு எந்தப் பொத்தான்?

கிட்ஹப்பில் புல் ரிக்வெஸ்ட்டை (தன் மாற்றங்களைச் சேர்த்துக்கொள்ளும்படி ஒருவர் அனுப்பும் கோரிக்கையை) ஏற்கும் பச்சைப் பொத்தானின் ஓரத்தில் சின்ன அம்புக்குறி ஒன்று உண்டு. அதைத் தட்டினால் மூன்று வழிகள் விரியும்: மெர்ஜ் கமிட் (கமிட் என்பது செய்தியோடு பதிவுசெய்த ஒரு மாற்றம்) போட்டுச் சேர்ப்பது, எல்லாக் கமிட்களையும் ஒன்றாகச் சுருக்கி (ஸ்குவாஷ்) சேர்ப்பது, ரீபேஸ் செய்து, அதாவது கமிட்களை மெயின் கிளையின் நுனிக்கு நகர்த்திச் சேர்ப்பது. முதலில் மெர்ஜ் மட்டும்தான் இருந்தது. 2016 ஏப்ரலில் ஸ்குவாஷும் அதே ஆண்டு செப்டம்பரில் ரீபேஸும் வந்தன. புதிதாகத் தொடங்கும் ரெப்போவில் (திட்டத்தின் கோட் இருக்கும் இடத்தில்) மூன்றுமே திறந்துதான் இருக்கும். நாமாக மூடினால்தான் உண்டு. நான்கு மெயின்டெய்னர்கள் (திட்டத்தைப் பராமரிப்பவர்கள்) இருந்தால் அவரவர் பழக்கப்படி அழுத்துவார்கள். ஒரு வருடம் கழித்துப் பிழை தேடப் போகிறவருக்கு, ஒரு கமிட் என்பது ஒரு முழு வேலையா, வேலையின் ஒரு துண்டா, யாரோ அவசரத்தில் போட்ட காற்புள்ளியா என்று தெரியாது.

‘எதில் வரலாறு அழகாக இருக்கும்’ என்று ஆரம்பித்தால் இந்த விவாதம் முடியாது. பின்னால் எதைத் தேடுவோம், எதைப் பிடுங்கி எறிவோம், குப்பையைக் கூட்டுவது யார் என்று கேட்டால் சீக்கிரம் முடியும்.

கைக்கு ஒரு உதாரணம் வைத்துக்கொள்வோம். தேதிகளைக் கையாளும் ஒரு சின்ன லைப்ரரி. 1900ஐ லீப் வருடம் என்று எண்ணும் பிழையைத் திருத்தி ஒருவர் புல் ரிக்வெஸ்ட் அனுப்பியிருக்கிறார். அவருடைய கிளையில் ஆறு கமிட்கள்:

1. தேதி.பை கோப்புக்கு நாள்காட்டி.பை என்று பெயர் மாற்றம்
2. லீப் வருடக் கணக்கைத் திருத்தி எழுதியது
3. அச்சச்சோ, கமா விட்டுப்போச்சு
4. மெயின் கிளையை இழுத்து மெர்ஜ் செய்தது
5. ரிவ்யூவில் சொன்னதைச் செய்தது
6. 1900, 2000 இரண்டுக்கும் டெஸ்ட்

இதில் உண்மையான வேலை 1, 2, 6 மட்டும். மற்ற மூன்றும் வேலை செய்த தடம். இந்த ஆறும் மூன்று பொத்தான்களிலும் என்னவாகின்றன என்று பார்க்கலாம்.

## எதை வைத்து அளப்பது

திருப்பி எடுப்பது. வெளியீட்டுக்கு முந்தைய இரவு இந்த மாற்றம் வேறெதையோ உடைக்கிறது என்று தெரிந்தால், ஒரே கட்டளையில் முழுதாக எடுக்க முடியுமா?

தேடுவது. பிழை நுழைந்த கமிட்டைத் தேடும் கிட் பைசெக்ட் எந்தக் கமிட்டில் போய் நிற்கும், ஒரு வரியைக் கடைசியாக மாற்றிய கமிட்டைச் சொல்லும் பிளேம் எந்தச் செய்தியைக் காட்டும்? இங்கே ஒரு தவறான கவலையைக் களைய வேண்டும். கமிட்கள் அதிகமானால் பைசெக்ட் இழுத்தடிக்கும் என்கிறார்கள். ஒவ்வொரு சோதனையிலும் அது பாதியை வெட்டுகிறது. 200 கமிட்களுக்கு 8 படி. அதையே 1,200 ஆக்கினால் சுமார் 11 படி. மூன்று படி கூடுவதில் ஒன்றும் குடிமுழுகாது. நடுவில் உடைந்து கிடக்கும் கமிட்கள்தான் உண்மையான செலவு. போய் நிற்கும் கமிட் 15 வரியா 1,500 வரியா என்பதும் அதே அளவு முக்கியம்.

கூட்டிப் பெருக்குவது யார். கமிட்களை ஒழுங்குபடுத்தும் வேலை பங்களிப்பவர் தலையிலா, மெயின்டெய்னர் தலையிலா?

ஹேஷ் (கமிட்டின் அடையாளக் குறி) மாறலாமா. அந்தக் கமிட்களை வேறு யாராவது ஏற்கெனவே இழுத்து, அவற்றின் மேல் வேலை செய்துகொண்டிருக்கிறார்களா?

பழைய வெளியீடுகள். திருத்தத்தைச் செர்ரி-பிக் செய்து (அந்தக் கமிட்டை மட்டும் நகலெடுத்து) பழைய கிளைகளில் ஒட்டும் வழக்கம் உண்டா?

## மெர்ஜ் கமிட்

ஆறு கமிட்களும் அப்படியே உள்ளே வரும். ஏழாவதாக, இரண்டு பெற்றோர் கொண்ட ஒரு மெர்ஜ் கமிட் சேரும். ஹேஷ் எதுவும் மாறாது. போட்ட கையொப்பங்களும் அப்படியே செல்லும்.

ஹேஷ் மாறாதது எவ்வளவு பெரிய விஷயம் என்பதை லினக்ஸ் கெர்னலில் பார்க்கலாம். நெட்வொர்க், கோப்பு முறைமை, கிராபிக்ஸ் என்று ஒவ்வொரு பகுதிக்கும் தனி மெயின்டெய்னர், தனி மரம். அவர்கள் சேர்த்துவைத்ததை லினஸ் டோர்வால்ட்ஸ் மெர்ஜ் செய்துகொள்கிறார். ஒரு திருத்தம் எந்தப் பழைய கமிட்டின் பிழையைச் சரிசெய்கிறது என்பதை ‘ஃபிக்ஸஸ்’ என்ற வரியில், அந்தக் கமிட் ஹேஷின் முதல் 12 எழுத்துகளோடு குறிப்பது அங்கே வழக்கம். எந்தத் திருத்தம் எந்தப் பழைய வெளியீட்டுக்குப் போக வேண்டும் என்று முடிவுசெய்ய அந்த வரி உதவுகிறது. வெளியே போன மரத்தை யாராவது ரீபேஸ் செய்தால் ஹேஷ்கள் மாறி, அந்த வரிகள் இல்லாத ஊருக்கு வழி காட்டும். வெளியே போனதை ரீபேஸ் செய்யாதே, காரணமில்லாமல் மேல்மரத்தை (உன் கிளை பிரிந்துவந்த மூல மரத்தை) உன் கிளைக்குள் மெர்ஜ் செய்யாதே என்று கெர்னல் ஆவணங்கள் சொல்கின்றன. நம் உதாரணத்தின் நான்காவது கமிட் அங்கே போயிருந்தால் திட்டு விழுந்திருக்கும்.

மறைந்திருக்கும் செலவுகள்:

மெர்ஜை மட்டும் வைத்திருந்து, உள்ளே வரும் கமிட்களின் தரத்தைப் பார்க்காவிட்டால் ‘அச்சச்சோ’க்கள் எல்லாம் நிரந்தரமாகிவிடும். இரண்டாவது கமிட்டில் கமா இல்லை, கோட் ஓடாது. வேறு பிழையைத் தேடும் பைசெக்ட் அங்கே வந்து விழுந்தால் தவறான பதில் கிடைக்கும். ஓட்டும் ஸ்கிரிப்ட் 125 என்ற எண்ணோடு வெளியேறினால் பைசெக்ட் அந்தக் கமிட்டைத் தாண்டிப் போகும். பில்ட் தோற்றால் 125 தரும்படி எழுதிவையுங்கள். கிட் 2.29 முதல் பைசெக்டுக்கு ‘--ஃபர்ஸ்ட்-பேரன்ட்’ உண்டு. அதைக் கொடுத்தால் கிளைக்குள் நுழையாமல் மெர்ஜ்களை மட்டும் சோதிக்கும்.

திருப்பி எடுப்பதில் ஒரு பொறி இருக்கிறது. ‘கிட் ரிவர்ட் -எம் 1’ என்று மெர்ஜ் கமிட்டின் ஹேஷைக் கொடுத்தால் ஆறும் ஒரே அடியில் போய்விடும், நல்லது. பங்களிப்பாளர் பிழையைத் திருத்தி அதே கிளையில் ஏழாவது கமிட் போட்டு மறுபடி அனுப்புகிறார். மெர்ஜ் செய்தால் ஏழாவது மட்டும்தான் வரும். பழைய ஆறும் ஏற்கெனவே வரலாற்றில் இருப்பதால் கிட் அவற்றைத் திரும்பக் கொண்டுவராது. முதலில் அந்த ரிவர்ட்டையே ரிவர்ட் செய்துவிட்டு, பிறகு மெர்ஜ் செய்ய வேண்டும். இதை அறியாமல் ‘கிட் என் கோடைத் தின்றுவிட்டது’ என்று புலம்புபவர்கள் நிறைய.

இன்னொன்று: முரண்பாட்டைத் தீர்க்கும்போது மெர்ஜ் கமிட்டுக்குள்ளேயே கை வைத்து மாற்றிய வரிகள் ‘கிட் லாக் -பி’யில் தெரியாது. அது வழக்கமாக மெர்ஜ்களின் டிஃபை (மாறிய வரிகளை) காட்டுவதில்லை. கிட் 2.36இல் வந்த ‘--ரிமெர்ஜ்-டிஃப்’ அதை வெளியே கொண்டுவரும்.

## ஸ்குவாஷ்

ஆறும் கரைந்து ஒரே கமிட். பங்களிப்பவருக்கு ரீபேஸ் தெரிந்திருக்க வேண்டியதில்லை. ‘அச்சச்சோ’ எத்தனை போட்டாலும் கவலையில்லை; மெயின் கிளையை எத்தனை முறை இழுத்திருந்தாலும் கவலையில்லை. முதல்முறை வருகிறவர்கள் அதிகமுள்ள திட்டத்துக்கு இதைவிட இதமான வழி கிடையாது.

பைத்தான் மொழியின் மூலத் திட்டமான சிபைத்தான் 2017இல் கிட்ஹப்புக்கு வந்ததிலிருந்து இப்படித்தான் சேர்க்கிறது. ஒரு புல் ரிக்வெஸ்ட், ஒரு கமிட், தலைப்பில் இஷ்யூ எண். பழைய பதிப்புக்கும் வேண்டும் என்றால் அதற்கான லேபிளை ஒட்டுகிறார்கள். ஒரு பாட் (தானாக இயங்கும் நிரல்) அந்த ஒற்றைக் கமிட்டைச் செர்ரி-பிக் செய்து புதிய புல் ரிக்வெஸ்ட் திறக்கிறது. ஒரு வேலை ஆறு கமிட்களாகச் சிதறியிருந்தால் இந்தத் தானியங்கி வேலை இவ்வளவு எளிதாக நடக்காது. கம்பைலர் கருவித் திட்டமான எல்எல்விஎம்மும் மெயின் கிளையில் மெர்ஜ் கமிட்களை அனுமதிப்பதில்லை. அங்கேயும் ஸ்குவாஷ்தான் வழக்கம்.

இதன் செலவுகள் சேர்த்த நாளில் தெரியாது. மாதக்கணக்கில் கழித்துத்தான் பல்லைக் காட்டும்.

உதாரணத்தின் முதல் இரண்டு கமிட்களைப் பாருங்கள். முதலில் பெயர் மட்டும் மாற்றினார், பிறகுதான் உள்ளே திருத்தினார். அனுபவசாலி செய்யும் வேலை. காரணம், பெயர் மாற்றத்தைக் கிட் எங்கும் எழுதிவைப்பதில்லை. காணாமல் போன கோப்பும் புதிதாக வந்த கோப்பும் ஒன்றுபோல் இருக்கின்றனவா என்று ஒவ்வொரு முறையும் ஊகிக்கிறது. வழக்கமான எல்லை 50 சதவீத ஒற்றுமை. இரண்டையும் ஸ்குவாஷ் ஒன்றாக்கும்போது பாதிக்கு மேல் மாறியிருந்தால், பழைய கோப்பை அழித்துப் புதிதாக ஒன்று எழுதியதாகவே கிட் எண்ணும். கோப்பின் வரலாற்றைப் பெயர் மாறினாலும் தொடரும் ‘லாக் --ஃபாலோ’ அந்த இடத்தில் அறுந்துவிடும். பத்து வருட வரலாறு உள்ள கோப்பில் ஒவ்வொரு வரிக்கும் பிளேம் இந்த லீப் வருடத் திருத்தத்தையே காட்டிக்கொண்டிருக்கும். ஸ்குவாஷ் திட்டத்தில் பெயர் மாற்றம் தனிப் புல் ரிக்வெஸ்ட்டாக வர வேண்டும், விதிவிலக்கு வேண்டாம்.

அடுத்தது அடுக்குக் கிளைகள். கிளை-1 மேல் கிளை-2 கட்டியிருக்கிறீர்கள். கிளை-1 ஸ்குவாஷ் ஆகி மெயினில் சேர்ந்ததும், அதன் பழைய கமிட்களுக்கும் புதிய ஒற்றைக் கமிட்டுக்கும் கிட்டின் கண்ணில் உறவே இல்லை. கிளை-2ஐ மெயினோடு சேர்க்கப் போனால், நீங்களே எழுதிய வரிகளோடு நீங்களே முரண்படுவீர்கள். தீர்வு: ‘கிட் ரீபேஸ் --ஆன்டு மெயின் கிளை-1 கிளை-2’. கிளை-1ஐ அதற்குமுன் அழித்துவிடாதீர்கள்.

தன் ஃபோர்க்கின் (ரெப்போவின் சொந்த நகலின்) மெயின் கிளையிலேயே வேலை செய்து அனுப்புகிற புதியவர்களும் மாட்டுவார்கள். ஸ்குவாஷ் ஆனபின் அவர்களுடைய மெயின் என்றைக்கும் ஆறு கமிட் முன்னால் நிற்கும். மேல்மரத்தை ஃபெட்ச் செய்து அதன் மெயினுக்கு ‘ரீசெட் --ஹார்ட்’ கொடுத்தால்தான் ஒத்துவரும். கமிட் செய்யாத வேலை இருந்தால் அது போய்விடும் என்பதையும் சேர்த்துச் சொல்லுங்கள்.

செய்தியும் கவனிக்க வேண்டியது. பல கமிட்கள் இருந்தால், அவற்றின் செய்திகளை வரிசையாக அடுக்கி நிரப்பிவைப்பது கிட்ஹப்பின் வழக்கம். கவனியாமல் அழுத்தினால் ‘அச்சச்சோ, கமா விட்டுப்போச்சு’ கமிட்டின் உடலுக்குள் போய் உட்கார்ந்துகொள்ளும். ரெப்போ அமைப்பில் புல் ரிக்வெஸ்ட்டின் தலைப்பும் விளக்கமும் வரும்படி மாற்றிவிடலாம். ‘சைன்ட்-ஆஃப்-பை’ வரி கேட்கும் திட்டமானால் அது விடுபடவில்லையா என்று ஒருமுறை பார்த்துவிட்டு அழுத்துங்கள்.

## ரீபேஸ்

கமிட்கள் ஒவ்வொன்றாகப் பெயர்த்தெடுக்கப்பட்டு மெயினின் நுனியில் வரிசையாக நடப்படும். மெர்ஜ் கமிட்டை ரீபேஸ் விட்டுவிடும் என்பதால் நான்காவது காணாமல் போகும். அந்த மெர்ஜில் முரண்பாடு தீர்த்திருந்தால் அதே முரண்பாடு மறுபடி எழும்பும். மற்ற ஐந்தும் புதிய ஹேஷோடு உள்ளே வரும், ‘அச்சச்சோ’ உட்பட.

பலர் ஏமாறும் இடம் இதுதான். இந்தப் பொத்தான் எதையும் சுத்தம் செய்யாது. ‘கமிட் --ஃபிக்ஸப்’ கொண்டு போட்ட திருத்தக் கமிட்களைக்கூட அது மடித்துச் சேர்க்காது. பங்களிப்பவர்தான் தன் கணினியில் ‘ரீபேஸ் -ஐ --ஆட்டோஸ்குவாஷ்’ ஓட்டி, 3ஐ 2க்குள்ளும் 5ஐ உரிய இடத்திலும் மடித்து, மூன்று நல்ல கமிட்களாக அனுப்ப வேண்டும். அப்படி அனுப்பினால் கிடைப்பது மூன்று வழிகளிலும் ஆகச் சிறந்த வரலாறு: பெயர் மாற்றம் தனி, திருத்தம் தனி, டெஸ்ட் தனி. பைசெக்ட் சின்னக் கமிட்டில் நிற்கும். பிளேம் உரிய காரணத்தைச் சொல்லும். போஸ்ட்கிரெஸ்க்யூஎல், ஜாங்கோ, ஃப்ரீபிஎஸ்டி போன்றவற்றின் நேர்கோட்டு வரலாற்றைப் படிப்பது சுகமாக இருப்பதற்கு, சேர்க்கும் உரிமை சில அனுபவசாலிகளிடம் மட்டும் இருப்பதும் அவர்கள் கைப்பட ஒழுங்குபடுத்திய பின்பே தள்ளுவதும்தான் காரணம்.

அந்த உழைப்புக்கு ஆளில்லாத திட்டத்தில் இதே வழி மோசமானதாகிவிடும். சிஐ (டெஸ்ட்களைத் தானாக ஓட்டும் ஏற்பாடு) பொதுவாகக் கிளையின் நுனியை மட்டும் சோதிக்கிறது. நடுவில் உள்ள இரண்டாவது கமிட் உடைந்திருப்பது அதற்குத் தெரியாது. ‘ரீபேஸ் --எக்ஸெக்’ உடன் டெஸ்ட் கட்டளையைக் கொடுத்தால் ஒவ்வொரு கமிட்டிலும் நின்று ஓட்டிப்பார்க்கும். டெஸ்ட் 20 நிமிடம் எடுத்தால் மூன்று கமிட்டுக்கு ஒரு மணி நேரம். பொறுமை உள்ளவர்கள் கொஞ்சம்தான்.

நீண்ட கிளையில் ஒரே முரண்பாடு கமிட் தோறும் திரும்பத் திரும்ப வரும். ‘ரெரெரெ’ அமைப்பை இயக்கிவைத்தால் ஒருமுறை தீர்த்ததைக் கிட் நினைவில் வைத்துக்கொள்ளும். ரீபேஸ் செய்த கிளையைத் தள்ளும்போது ‘--ஃபோர்ஸ்’ வேண்டாம், ‘--ஃபோர்ஸ்-வித்-லீஸ்’ போதும். நீங்கள் கடைசியாகப் பார்த்தபின் வேறொருவர் அதே கிளையில் தள்ளியிருந்தால் அது மறுத்துவிடும். ஒரு எச்சரிக்கை: எடிட்டர் பின்னணியில் தானாக ஃபெட்ச் செய்துகொண்டிருந்தால் இந்தக் காவல் தளர்ந்துவிடும், ஏனென்றால் நீங்கள் பார்க்காததையும் பார்த்ததாகவே கிட் கணக்கு வைக்கும்.

ரிவ்யூ செய்பவருக்கும் தொல்லை. நேற்றுப் பார்த்த கமிட்கள் இன்று வேறு ஹேஷில் நிற்கும். என்ன மாறியது என்று தெரியாது. ‘கிட் ரேஞ்ச்-டிஃப்’ பழைய தொடரையும் புதிய தொடரையும் பக்கத்தில் வைத்துக் காட்டும்.

கையொப்பம் கட்டாயமான திட்டங்கள் இந்தப் பொத்தானை மறந்துவிடலாம். கிட்ஹப் ரீபேஸ் செய்யும்போது எப்போதும் புதிய ஹேஷ் உண்டாக்குகிறது, பங்களிப்பவரின் கையொப்பம் போய்விடும். ஸ்குவாஷ் கமிட்டிலாவது கிட்ஹப்பின் சொந்தக் கையொப்பம் இருக்கும்.

## நான்காவது வழி: ரீபேஸ் செய்து, பிறகு மெர்ஜ்

பட்டியலில் தனிப் பொத்தானாக இல்லாததால் பலர் யோசிப்பதில்லை. கிளையை மெயினின் நுனிக்கு ரீபேஸ் செய்து, கமிட்களை ஒழுங்குபடுத்தி, அதன்பின் மெர்ஜ் கமிட்டோடு சேர்ப்பது. உள்ளே மூன்று சுத்தமான கமிட்கள், வெளியே அவற்றைக் கட்டிய ஒரு கயிறு. எது எதோடு வந்தது என்பதும் தெரியும், முழுக் கட்டையும் ஒரே ரிவர்ட்டில் எடுக்கவும் முடியும். கிட்ஹப் போன்ற இன்னொரு தளமான கிட்லேபில் ‘செமி-லீனியர்’ என்ற தேர்வே இருக்கிறது. ரஸ்ட் கம்பைலர் திட்டம் இதற்கு நெருங்கியது: பங்களிப்பவர் தன் கிளைக்குள் மெயினை மெர்ஜ் செய்யக் கூடாது, ரீபேஸ்தான் செய்ய வேண்டும், இறுதிச் சேர்ப்பை டெஸ்ட் தேறியபின் பாட் மெர்ஜ் கமிட்டாகச் செய்கிறது. ரீபேஸ் பழகிய குழு கையில் இருந்தால் எங்கள் ஓட்டு இதற்கே.

## பக்கத்தில் வைத்துப் பார்த்தால்

| | மெர்ஜ் | ஸ்குவாஷ் | ரீபேஸ் |
|---|---|---|---|
| நம் ஆறு கமிட்கள் | 6 + 1 | 1 | 5; மடித்து அனுப்பினால் 3 |
| முழுதாகத் திருப்பி எடுக்க | ‘-எம் 1’. மறுபடி சேர்க்கும்போது பொறி | ஒரே ரிவர்ட் | எவையெவை என்று தேடித் தொடராக ரிவர்ட் |
| பைசெக்ட் நிற்கும் இடம் | சின்னது, உடைந்ததாக இருக்கலாம் | ஓடும், பெரிதாக இருக்கலாம் | ஒழுங்கு இருந்தால் சின்னது, ஓடும் |
| சுத்தம் செய்பவர் | யாருமில்லை | மெயின்டெய்னர், செய்தியில் | பங்களிப்பவர் |
| ஹேஷ் | மாறாது | மாறும் | மாறும் |
| பழைய கிளைக்கு ஒட்ட | சிரமம் | மிக எளிது | எளிது, எண்ணிக்கை கூடும் |

## யாருக்கு எது

ஓரிரு மெயின்டெய்னர்கள், அறிமுகமில்லாத பங்களிப்பாளர்கள், சராசரியாக 200 வரிக்குள் முடியும் மாற்றங்கள்: ஸ்குவாஷ். பெரும்பாலான திட்டங்கள் இந்த வகைதான், தயங்க வேண்டாம். ஆனால் ‘ஒரு புல் ரிக்வெஸ்ட், ஒரு விஷயம்’ என்பதைக் கண்டிப்போடு கேளுங்கள். அதைக் கேட்கத் துணிவில்லையென்றால் ஸ்குவாஷ் உங்களைக் காப்பாற்றாது.

ரிவ்யூ செய்பவர்கள் கமிட் கமிட்டாகப் படிக்கிறார்கள், ‘இதை இரண்டாகப் பிரித்து அனுப்புங்கள்’ என்று சொன்னால் பங்களிப்பவருக்குப் புரிகிறது: ரீபேஸ், அல்லது நான்காவது வழி. ரிவ்யூ எப்போதும் மொத்த டிஃபின் மேல்தான் நடக்கிறது என்றால், யாரும் தனியாகப் படிக்காத கமிட்களைத் தனியாகக் காப்பாற்றி என்ன பயன்?

மாதக்கணக்கில் ஓடும் கிளைகள், துணை மெயின்டெய்னர்கள், மற்றவர்கள் ஏற்கெனவே இழுத்துக்கொண்ட மரங்கள்: மெர்ஜ் தவிர வேறு வழியில்லை. வெளியீட்டுக் கிளையை மெயினில் சேர்க்கும்போதும் அதுவே; அங்கே ஸ்குவாஷ் செய்தால் அடுத்த மாதம் அதே முரண்பாடுகளை மறுபடி தீர்ப்பீர்கள்.

## எந்தப் பொத்தானும் தீர்க்காதது

ஒருவர் ஒரு ஃபங்ஷனின் பெயரை மாற்றுகிறார். இன்னொருவர் வேறொரு கோப்பில் பழைய பெயரை அழைத்துப் புதுக் கோட் எழுதுகிறார். வரிகள் மோதவில்லை, இரண்டு சிஐயும் பச்சை, இரண்டும் சேர்ந்ததும் மெயின் உடைகிறது. சேர்ப்பதற்குமுன் கிளை மெயினின் நுனியில் இருக்க வேண்டும் என்று கட்டாயப்படுத்தலாம். நாளுக்குப் பத்து புல் ரிக்வெஸ்ட் சேரும் இடத்தில் எல்லோரும் மாறி மாறி அப்டேட் செய்துகொண்டே இருப்பார்கள். அந்த நிலைக்கு மெர்ஜ் கியூ வேண்டும்: சேர்ந்தால் எப்படி இருக்குமோ அந்த நிலையையே சோதித்து, தேறினால் மட்டும் உள்ளே விடும்.

கோடைச் சீராக அடுக்கும் கருவியை முழு ரெப்போவிலும் ஓட்டுவதும் எந்த வழியிலும் தனிக் கமிட்தான். அதன் ஹேஷை ‘.கிட்-பிளேம்-இக்னோர்-ரெவ்ஸ்’ கோப்பில் எழுதுங்கள். அதை இக்னோர் கோப்பாகக் கொடுத்தால் பிளேம் அந்தக் கமிட்டைத் தாண்டிப் பார்க்கும். சேர்ந்தபின் கிடைக்கும் ஹேஷை எழுத வேண்டும். ஸ்குவாஷுக்கு முந்தைய ஹேஷை எழுதிவிட்டு வேலை செய்யவில்லை என்று தேடுவது வழக்கமான தவறு.

## மாற்றுவது எப்படி

பழைய வரலாற்றைத் தொடாதீர்கள். இன்று முதல் புதிய விதி. ரெப்போ அமைப்பில் வேண்டாத பொத்தான்களை மூடுங்கள். ஸ்குவாஷோ ரீபேஸோ என்றால் மெயின் கிளையின் பாதுகாப்பு விதிகளில் நேர்கோட்டு வரலாற்றைக் கட்டாயமாக்குங்கள். யாராவது கட்டளை வரியிலிருந்து மெர்ஜ் கமிட்டைத் தள்ளினாலும் உள்ளே விடாது. திறந்திருக்கும் அடுக்குக் கிளைகளின் உரிமையாளர்களுக்கு முன்கூட்டியே சொல்லுங்கள். பிறகு பங்களிப்பு வழிகாட்டியில் இவ்வளவு எழுதினால் போதும்:

> ஒரு புல் ரிக்வெஸ்ட்டில் ஒரு விஷயம். பெயர் மாற்றமும் வடிவ மாற்றமும் தனித்தனியாக.
> தலைப்பு 50 எழுத்தை ஒட்டி. விளக்கத்தில் என்ன மாறியது என்பதைவிட ஏன் என்பதை எழுதவும். சேர்க்கும்போது அதுவே கமிட் செய்தியாகும்.
> எல்லாம் ஸ்குவாஷ் ஆகும். உங்கள் கிளையில் கமிட்களை விருப்பம்போல் போடலாம். உங்கள் ஃபோர்க்கின் மெயின் கிளையில் மட்டும் வேலை செய்ய வேண்டாம்.